எட்டுக் கேள்வித் தாள்: சிறைக்கு வரும் பெண்ணின் மனநலத்தை எப்படி அளக்கிறார்கள்?

அமெரிக்காவில் போலீஸ் ஒருவரைக் கைது செய்து மாவட்டச் சிறைக்குக் கொண்டு வந்ததும் சில சடங்குகள் நடக்கும். கைரேகை, புகைப்படம், காதிலும் கழுத்திலும் இருப்பதைக் கழற்றி உறையில் போட்டுக் கையெழுத்து. இதற்கு நடுவில், பல சிறைகளில், சீருடை போட்ட ஒருவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்குவார். உங்கள் மனதுக்குள் யாரோ எண்ணங்களைப் புகுத்துவதாக, அல்லது உருவி எடுப்பதாக நினைக்கிறீர்களா? நீங்கள் நினைப்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறதா? நீங்களாக எதுவும் செய்யாமலேயே பல வாரங்களாக எடை கூடுகிறதா, குறைகிறதா? வழக்கத்தைவிடப் பரபரப்பாக இருப்பதாக வீட்டில் சொல்கிறார்களா? பேச்சும் அசைவும் மந்தமாகிவிட்டதா? எதற்கும் உதவாதவர், பாவி என்று சில வாரங்களாகத் தோன்றுகிறதா? மனநலத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? அதற்காக மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா?

அவ்வளவுதான். எட்டுக் கேள்வி, இரண்டு மூன்று நிமிடம். முதல் ஆறில் இரண்டுக்கு ‘ஆம்’ என்றாலும் சரி, கடைசி இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் சரி, அவரை மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். ‘பிரீஃப் ஜெயில் மென்டல் ஹெல்த் ஸ்க்ரீன்’ என்று இதற்குப் பெயர். ஹென்றி ஸ்டெட்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, சோதித்துப் பார்த்த முடிவுகளை 2005இல் வெளியிட்டார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரணக் காவலரே கேட்டுவிடலாம் என்பது இதன் பெரிய வசதி.

இப்போது அந்தக் கேள்விகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். உங்களை யாராவது அடித்து வதைத்ததுண்டா, பழைய சம்பவம் ஒன்று கனவில் வந்து தூக்கிவாரிப் போடுகிறதா, பிள்ளைகள் இந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறார்கள்? இந்த மாதிரி ஒன்றுகூட அதில் இல்லை.

மேரிலாண்ட், நியூயார்க் மாநிலங்களில் நான்கு சிறைகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இந்தத் தாளை வைத்துக் கேட்டார்கள். அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு நீண்ட நேர்காணலும் நடத்தி இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஆண்களில் 73.5% பேரைத் தாள் சரியாகப் பிரித்திருந்தது. பெண்களில் 61.6% பேரைத்தான். அதைவிட முக்கியம், தவறு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது. ‘பிரச்சினை இல்லை’ என்று தாள் அனுப்பிவிட்ட பெண்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் தீவிரமான மனநோய் இருந்தது. பெண்களுக்கு இதை அப்படியே பரிந்துரைக்க முடியாது என்று அதை உருவாக்கியவர்களே எழுதினார்கள். தங்கள் கருவியின் ஓட்டையைத் தாங்களே அச்சில் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு நடந்த மறுசோதனையில் இரண்டு எண்களும் கூடின. ஆண்களுக்கு 80%, பெண்களுக்கு 72%. இடைவெளி குறைந்தது, மறையவில்லை.

ஒரு பெண்ணின் மனநிலையை அளப்பது என்றால் என்ன, அதில் எங்கெல்லாம் வழுக்கும் என்பதை இந்த ஒரு தாளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சல்லடையும் மருத்துவரும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மேலே சொன்னது நோய் கண்டறிதல் அல்ல, சலிப்பது. ஆங்கிலத்தில் ஸ்க்ரீனிங் என்பதன் நேர்ப்பொருளே அதுதான். வந்த அத்தனை பேரையும் ஒரு சல்லடையில் போட்டு, யாரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று பிரிப்பது. அதில் நின்றவர்களை மனநல மருத்துவரோ உளவியலாளரோ உட்கார வைத்துப் பேசுவது இரண்டாம் கட்டம். அதுதான் மதிப்பீடு. அது ஒரு மணி நேரம் ஆகலாம், பல அமர்வுகளும் ஆகலாம். குடும்பம், பழைய சிகிச்சை, போதைப் பழக்கம், உடல் நோய், தற்கொலை முயற்சி எல்லாவற்றையும் கேட்டு, முடிந்தால் பழைய மருத்துவச் சீட்டுகளையும் வரவழைத்துப் பார்ப்பார்கள்.

சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் நோயுள்ளவர்கள் ஒழுகிப் போவார்கள். சிறிதாக இருந்தால் எல்லோரும் நின்றுவிடுவார்கள், ஒரே ஒரு மருத்துவர் முந்நூறு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும், கடைசியில் யாரையும் சரியாகப் பார்க்க மாட்டார். கண் எவ்வளவு பெரிது என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்குத்தான். இதைப் பாடப்புத்தகங்கள் கொஞ்சம் தயங்கித்தான் சொல்லும்.

சரி, பெண்களுக்குத் தனியாக ஒரு சல்லடை எதற்கு? மனநோய் எல்லோருக்கும் ஒன்றுதானே?

நோய் ஒன்றாக இருக்கலாம், சிறைக்குள் வந்து சேரும் வழி ஒன்றல்ல. சிகாகோவின் குக் கவுன்டி சிறையில் லிண்டா டெப்லினும் அவரது குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் விசாரணைக்காகக் காத்திருந்த 1,272 பெண்களை நேர்காணல் செய்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கும் மேல், வாழ்க்கையில் எப்போதாவது ஒரு மனநலக் கோளாறுக்கோ போதைச் சார்புக்கோ ஆளாகியிருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பிடிஎஸ்டி இருந்தது, அதாவது கொடிய அனுபவம் ஒன்று முடிந்த பிறகும் உடலையும் மனதையும் விடாமல் துரத்தும் நிலை. அந்த அனுபவம் போர்க்களத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை, வீட்டுக்குள்ளும் நடக்கலாம்.

எட்டுக் கேள்வித் தாள் அதிகமும் சில வடிவங்களையே தேடியது. வெளியே தெரியும் பிரமை, வெளியே தெரியும் பரபரப்பு, முன்பே மருத்துவமனைக்குப் போன வரலாறு. அமைதியாக மூலையில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ‘ஒன்றுமில்லை சார்’ என்று பதில் சொல்லும் பெண்ணுக்கு அந்தத் தாளில் இடம் குறைவு. அவரால் யாருக்கும் தொந்தரவும் இல்லை. தொந்தரவு கொடுப்பவரைத்தான் எந்த நிறுவனமும் முதலில் கவனிக்கும், பள்ளிக்கூடமானாலும் சிறையானாலும்.

எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். சீனா ஃபசேல், ஜான் டனெஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 12 நாடுகளில் நடந்த 62 ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியிட்ட கட்டுரையில், சைக்கோசிஸ் எனப்படும் தீவிர மனப்பிறழ்வு ஆண் கைதிகளில் 3.7%, பெண் கைதிகளில் 4%. வித்தியாசமே இல்லை என்று தோன்றும். ஆனால் ஸ்டெட்மன் குழு 2009இல் அமெரிக்க மாவட்டச் சிறைகளைப் பற்றி வெளியிட்ட எண் வேறு மாதிரி. தீவிர மனநோய் ஆண்களில் 14.5%, பெண்களில் 31%. இரண்டும் உண்மைதான். பின்னதில் கடும் மனச்சோர்வும், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறும் சேர்த்து எண்ணப்பட்டிருக்கின்றன. அதோடு, தண்டனை அனுபவிப்பவர்கள் இருக்கும் சிறையும், நேற்றுக் கைதானவர்கள் இருக்கும் சிறையும் வேறு வேறு. எதை நோய் என்று எண்ணினார்கள், யாரை எப்போது எண்ணினார்கள் என்று பார்க்காமல் ஒரு சதவீதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது.

பெண்களுக்கென ஒரு தாள்

கனெடிகட் மாநிலத்தில் ஜூலியன் ஃபோர்டும் ராபர்ட் ட்ரெஸ்ட்மனும் வேறு வழியில் போனார்கள். ஆண்களுக்கு ஒரு தாள், பெண்களுக்கு ஒரு தாள். ‘கரெக்‌ஷனல் மென்டல் ஹெல்த் ஸ்க்ரீன்’ என்ற இந்த வரிசையில் ஆண்களுக்கு 12 கேள்விகள், பெண்களுக்கு 8. பெண்களின் தாளில் பெரும்பாலான கேள்விகள் வேறு. அனுபவித்த அல்லது கண்ணால் பார்த்த பயங்கரம் ஒன்றை நினைக்காமல் இருக்க முயன்றதுண்டா? அது திரும்பத் திரும்ப நினைவிலோ கெட்ட கனவிலோ வந்து வதைக்கிறதா? மனநிலை அடிக்கடி ஏறி இறங்குகிறதா? குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி சோர்ந்து கிடந்ததுண்டா?

இதுவும் எட்டுக் கேள்விதான், ஆனால் வெளியே தெரியும் அறிகுறியை விட்டுவிட்டு உள்ளே புழுங்குவதைத் தேடுகிறது. நான்கில் மூன்று பேரை இது சரியாகப் பிரித்தது. அற்புதம் ஒன்றும் இல்லை, ஆனால் முன்னேற்றம்.

இந்தத் தாளிலும் எனக்கு ஒரு கேள்வி இடறுகிறது. ‘உங்களைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டால் பெரும்பாலானவர்கள் உங்களைத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்களா?’ வெளியே ஓர் அலுவலகத்தில் கேட்டால் ‘ஆம்’ என்பது சந்தேக புத்தியைக் காட்டலாம். சிறையில்? அங்கே அதற்கு ‘இல்லை’ என்று சொல்பவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். கணவனிடமிருந்தோ ஆள் கடத்தும் கூட்டத்திடமிருந்தோ தப்பி வந்தவருக்கு யாரையும் நம்பாமல் இருப்பது நோயல்ல, உயிரோடு இருக்கக் கற்றுக்கொண்ட வித்தை. கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலை அவரது வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்க ஒரு மனிதர் தேவைப்படுவது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் மொழி. இதே தாளைத் தமிழில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ‘உங்கள் மனதை யாராவது கட்டுப்படுத்துகிறார்களா?’ என்றால், எதிர்வீட்டுக்காரி செய்வினை வைத்துவிட்டாள் என்று ஓர் அம்மா சொல்லக்கூடும். அது பிரமையா, ஊரே நம்பும் நம்பிக்கையா? ‘டிப்ரஷன் இருக்கிறதா’ என்றால் இல்லை என்பார். நெஞ்சு படபடக்கிறதா, சோறு இறங்குகிறதா, உடம்பெல்லாம் எரிகிறதா, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா என்று கேட்டால் கடகடவென்று வரும். துக்கத்தை உடம்பின் வழியாகச் சொல்வது நம் ஊர்ப் பேச்சு வழக்கம். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்த தாள் அதைப் பிடிக்காது. மொழிபெயர்த்த பிறகு அந்த மக்களிடமே மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இந்தத் துறையில் வற்புறுத்துவார்கள்.

யார் கேட்கிறார்கள், எங்கே, எப்போது

கேள்வி சரியாகவே இருந்தாலும் பதில் சரியாக வருமா? கைதாகி மூன்று மணி நேரம்தான் ஆகிறது. எதிரே ஆண் காவலர், பக்கத்தில் இன்னும் நான்கு பேர், பின்னால் கதவு அறையும் சத்தம். சிறுவயதில் உங்களுக்கு என்ன நடந்தது என்று அங்கே கேட்டால் யார் சொல்வார்கள்? போதையில் வந்தவருக்கு இறங்கும்போது வரும் நடுக்கமும் பிதற்றலும் மனநோய் போலவே தெரியும். அதனால் முதல் நாள் கேட்டதைச் சில நாட்கள் கழித்து அமைதியான அறையில், முடிந்தவரை ஒரு பெண் செவிலியரோ மருத்துவரோ மறுபடி கேட்க வேண்டும். தீர்ப்பு வரும் நாள், பிள்ளையைப் பிரியும் நாள், பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வராத நாள் இவையெல்லாம் மீண்டும் கேட்க வேண்டிய நாட்கள்.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்ற பயமும் இருக்கிறது. ‘சாகலாம் போலிருக்கிறது’ என்று சொன்னால் பல அமெரிக்கச் சிறைகளில் உடைகளைக் களைந்துவிட்டு, கிழிக்க முடியாத தடித்த மெத்தைத் துணி அங்கி ஒன்றைக் கொடுத்து, தனி அறையில் போட்டுக் கண்காணிப்பார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அந்த உடை களைதல் எப்படி இருக்கும்? சக கைதிகளிடம் இதைக் கேள்விப்பட்டவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். மனநோய் என்று எழுதிவிட்டால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அஞ்சும் தாய்மார்களும் உண்டு. அந்தப் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லிவிட முடியாது.

பயந்து மறைப்பவர்கள் ஒருபுறம் இருக்க, மறைக்காமல் சொன்னவருக்கு என்ன ஆனது என்பதற்கு சான்ட்ரா பிளாண்டின் வழக்கு இருக்கிறது. 2015 ஜூலை 10 அன்று டெக்சஸில், வண்டி பாதை மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்டு, வாக்குவாதம் முற்றிக் கைது செய்யப்பட்டார். 28 வயது. வாலர் கவுன்டி சிறையில் சேர்க்கும்போது நிரப்பிய படிவத்தில், முன்பு தற்கொலைக்கு முயன்றதாக அவர் சொன்னது பதிவாகியிருந்தது. இன்னொரு படிவத்தில் இருந்த பதில்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. மூன்றாம் நாள் காலை அறையில் இறந்து கிடந்தார். பிரேதப் பரிசோதனை தற்கொலை என்றது, குடும்பத்தினர் அதைச் சந்தேகித்தார்கள், பின்னர் இழப்பீட்டு உடன்பாட்டில் வழக்கு முடிந்தது. கைதிகளை மணிக்கொரு முறை நேரில் பார்க்கும் விதியை அந்தச் சிறை பின்பற்றவில்லை என்று மாநிலச் சிறைத் தர ஆணையம் குற்றம் சாட்டியது.

இங்கே சல்லடை வேலை செய்தது. கேள்வி கேட்கப்பட்டது, பதில் தாளில் இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யாரும் எங்கும் ஓடவில்லை. அதே ஆண்டில் டெக்சஸ் தன் படிவத்தைத் திருத்தியது. எந்தப் பதிலுக்கு யாரிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது தாளிலேயே வந்தது. 2017இல் அவர் பெயரிலேயே வந்த சட்டம், மனநோய் இருப்பதாகத் தெரிந்தால் நீதிபதிக்குத் தகவல் சொல்ல 72 மணி நேரமாக இருந்த கெடுவை 12 மணி நேரமாகக் குறைத்தது.

சாதாரண மனநலத் தாள் கேட்காத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, கர்ப்பமும் பேறுகாலமும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987இலிருந்து எடின்பரோ அளவுகோல் இருக்கிறது, பத்தே கேள்வி, சிறையிலும் பயன்படுத்தலாம். இன்னொன்று தலைக்காயம். ஸ்காட்லாந்தின் சிறைகளில் இருந்த 109 பெண்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவில், 78% பேருக்குக் கணிசமான தலைக்காயம் பட்ட வரலாறு இருந்தது. மீண்டும் மீண்டும் காயம் பட்டதற்குப் பெரும்பாலும் காரணம் குடும்ப வன்முறை. மறதி, சட்டென்று வரும் கோபம், சொன்னதைப் புரிந்துகொள்ளத் தாமதம் எல்லாம் அடிபட்ட மூளையின் அடையாளமாக இருக்கலாம். காவலர் கண்ணுக்கு அது திமிர். தலையில் எப்போதாவது பலமாக அடிபட்டதுண்டா என்ற ஒரு கேள்விக்கு என்ன செலவு?

நீதிமன்றத்துக்காகச் செய்யும் மதிப்பீடு தனி உலகம். ‘தன் மீதான வழக்கைப் புரிந்துகொண்டு வக்கீலுக்கு உதவும் நிலையில் இவர் இருக்கிறாரா’ என்பது ஒரு கேள்வி, அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 1960இல் டஸ்கி என்பவரின் வழக்கில் சொன்ன தீர்ப்பு அதற்கு அளவுகோல். ‘குற்றம் நடந்த நேரத்தில் செய்வது இன்னதென்று தெரிந்ததா’ என்பது இன்னொரு கேள்வி. இங்கே மருத்துவர் சொல்வது நீதிபதிக்குப் போகும், ரகசியமாக இருக்காது. சிகிச்சைக்காகப் பேசும் மருத்துவர் வேறு, அறிக்கை எழுதும் மருத்துவர் வேறு என்பதை அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவரே இரண்டு தொப்பியும் போட்டுக்கொள்வது வினை.

உலக அளவில் இதற்கென்று ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2010 டிசம்பரில் ஏற்ற பாங்காக் விதிகள், மொத்தம் 70. ஆறாவது விதி சிறைக்கு வரும் பெண்ணிடம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: பிடிஎஸ்டி, தற்கொலை அபாயம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம், பேறுகால வரலாறு, போதைச் சார்பு, பாலியல் வன்முறை. எட்டுக் கேள்வித் தாளில் விடுபட்டவை பெரும்பாலும் இதில் வந்துவிட்டன. இரண்டாவது விதியை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். உள்ளே போவதற்கு முன்போ போகும்போதோ பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்ய அவகாசம் தர வேண்டும் என்கிறது அது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளை நின்றுகொண்டிருக்கும்போது எந்தக் கேள்விக்கும் உருப்படியான பதில் வராது.

இந்தியச் சிறைகளில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். சிறுபான்மையினருக்கென்று தனியாக ஒரு தாள் அச்சடிக்க எந்த அலுவலகத்திலும் அவசரம் இருக்காது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கைதிகளுக்கென 103ஆம் பிரிவை வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை மையம் அமைக்க வேண்டும் என்கிறது. நல்லது. அதே பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. சிறை மருத்துவ அதிகாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அதில் இந்தச் சிறையில் மனநோயுள்ள கைதிகள் யாரும் இல்லை என்று சான்றளிக்க வேண்டும்.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை, யாரும் இல்லை என்று எழுதித் தரச் சொல்கிறது. நோயுள்ளவர்களைச் சிறையில் அடைத்து வைத்துவிடக் கூடாது, உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படி எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து விழும்போது, மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் யாராவது போய் எதையாவது கேட்டார்களா என்பது அதைப் படிக்கும் வாரியத்துக்குத் தெரிய வழியில்லை.